புள்ளி விழுந்த ரப்பர்

இராமையாக் கங்காணிக்குச் சிவபெருமானாக வேண்டும் என்ற ஆசை வந்தது ரப்பர் விலை விழுந்த வருஷத்தில்தான். உலகமே சுருங்கிக்கொண்டிருந்தபோது கங்காணி மட்டும் விரியப் பார்த்தார்.

அரநாயக்கப் பக்கத்துப் பாறைத்தோட்டத்தில் அப்போது பாதி மலையில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. வாரா வாரம், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில், சிலருடைய பேர் வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டவர்கள் சட்டி பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு ரம்புக்கனை ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலேறி, கப்பலேறி, அக்கரைக்கு, அப்பன் பாட்டன் ஊருக்குப் போனார்கள். யாரை அனுப்பலாம் என்று துரையின் காதில் ஓதுகிற பொறுப்பு கங்காணியுடையது. அந்த ஒரு பொறுப்பிலேயே அவர் பாதி சிவனாகிவிட்டிருந்தார். மீதிப் பாதிக்குத்தான் வேஷம் தேவைப்பட்டது.

மாசியில் காமன் கூத்து. தவத்தைக் கலைக்க வந்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கிற கதை. அதில் சிவனுக்கு வசனம் கிடையாது. கடைசிவரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஒரு கண்ணைத் திறந்தால் போதும். தோட்டத்திலும் கங்காணி இத்தனை காலம் செய்துவந்தது அதுதான் என்பதால் ஒத்திகை வேண்டியிருக்கவில்லை. உடுப்புத்தான் குறை. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி போன வருஷம் அசல் சிறுத்தைத் தோலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாராம். இங்கே வழக்கமாகச் சாக்கில் கரிப்பொட்டு வைத்துக் கட்டுவார்கள். சிவன் உடுத்துவது வரி போட்ட புலியா, புள்ளி போட்ட சிறுத்தையா என்று கேட்க அந்த மலைப்பக்கம் ஆளில்லை. வரி போட்டதைப் பார்த்தவனும் இல்லை.

பெரட்டு கலைந்தபின் கங்காணி, பால்வெட்டுக்காரன் மூக்கையாவைக் கை சொடுக்கிக் கூப்பிட்டார்.

"டேய், கோயில் கொடியில மயிலு எழுதுறவன் நீதானே?"

"ஆமாங்க."

"எனக்குப் புலித்தோல் வேணும்."

"புலி... புடிக்கணுங்களா, ஐயா?"

"மூதேவி! துணியிலடா. சாலி நானா கடையில நல்ல துணி எடுத்து வெச்சிருக்கேன். சாயம் போட்டுக் குடு. தொரமாரு நாற்காலி போட்டு ஒக்காந்து பாக்குறப்ப அசந்து போயிரணும். வேல சுத்தமா இருந்துச்சு, ஒம் பேரு இங்கயே கெடக்கும். பழைய சாக்கு மாதிரி இருந்துச்சு..." கங்காணி வடக்கே, ஸ்டேஷன் இருக்கும் திசையில், குடையை நீட்டினார். அதற்குமேல் அவருக்கு வசனம் தேவைப்படவில்லை.

மூக்கையா பிறந்தது அதே தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீடுகளில் ஒன்றில். ஊர் என்று அவனுடைய அப்பன் ஒரு பேர் சொல்லுவான். அந்தப் பேரைத் தவிர அங்கே அவனுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. அங்கே போய் இறங்கினால் யாரிடம் தண்ணீர் கேட்பது என்றுகூடத் தெரியாது. பெண்டாட்டி இராஜம் முழுகாமல் இருந்தாள். அந்த நிலைமையில் அவளை எப்படிக் கப்பலேற்றுவது?

துணியில் புள்ளி போடுவது மயில் எழுதுவதுபோலில்லை. வெறுமனே கரிச்சாயம் தொட்டு வைத்தால் பரவி, சிறுத்தை சேற்றில் புரண்டதுபோல ஆகும். ஆனால் மூக்கையாவிடம் ஒரு சங்கதி இருந்தது. போன வருஷம் இராஜம் அவனுடைய பழைய வேட்டிக்குக் காவி போட்டபோது, ரப்பர்ப்பால் தெறித்துக் காய்ந்திருந்த இடத்திலெல்லாம் காவி ஏறவில்லை. பாலை உரித்துப் பார்த்தால் அடியில் துணி வெள்ளையாகச் சிரித்தது. அப்படியானால் துணி முழுக்கப் பாலைப் பூசி, புள்ளி விழவேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டால்?

"பாலுக்கு எங்க போவீங்க?" என்றாள் இராஜம்.

"எம் மரத்துல இல்லாத பாலா?"

"மரம் ஒங்களுதா?"

வெட்டின பாலையெல்லாம் வாளியில் கொண்டுபோய் ஸ்டோரில் அளந்து கொடுக்க வேண்டும். ஒரு சிரட்டைப் பாலை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் திருட்டு. கொழும்பில் அந்த ரப்பரை வாங்க ஆளில்லை, வெட்டுக்கூலிக்கே கட்டவில்லை என்று கம்பனி அழுதது உண்மை. அதற்காக அது திருடக்கூடிய பொருள் என்ற பெருமையை இழந்துவிடுமா? விலையில்லாத பொருளைத் திருடினாலும் கேகாலையில் ஜெயில் ஒன்றுதான்.

"கங்காணிதானே கேட்டாரு," என்றான் மூக்கையா, தனக்கே சொல்லுவதுபோல.

"புலித்தோல்தானே கேட்டாரு. பால் களவெடுன்னா சொன்னாரு? மாட்டிக்கிட்டா அவரு கண்ண மூடிக்குவாரு. அதுக்குத்தானே சிவன் வேஷம்."

ஆனாலும் செய்தான். செய்யாவிட்டால் ஸ்டேஷன், செய்து மாட்டினால் ஜெயில். செய்து மாட்டாமலிருந்தால் மட்டும் லயம். தினமும் கொஞ்சம் பாலைப் பாக்குமட்டையில் ஊற்றி இலைக்கட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். குறைந்த பாலுக்குத் தண்ணீர் ஊற்றவும் முடியாது; ஸ்டோரில் கண்ணாடிக் குச்சியை மிதக்கவிட்டுத் தண்ணீரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "நேத்து மழையில சில செரட்ட வழிஞ்சிருச்சுங்க" என்று சொன்னான். சொன்ன பிறகு, நேற்று மழை பெய்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்து வியர்த்தான்.

பன்சலைப் பௌத்தச் சாமிமாருடைய சீவர அங்கிக்குக் கீழ்க்கிராமத்தில் போடும் அதே பலாக்கட்டைத் தூளைக் கொதிக்கவைத்துத் துணிக்கு மஞ்சள் ஏற்றினாள் இராஜம். பால் இழைக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டால் உரிக்க வராது என்று கெட்டியாகக் கஞ்சி போட்டு, பலகைபோல விறைக்கவைத்தார்கள். ஆற்றுப்பாறை மறைவில் அதை விரித்து, தென்னம்பன்னாடையால் மூக்கையா பாலைப் பூசினான். புள்ளிக்குப் புள்ளி இடம் விட்டுப் பூசவேண்டும். எங்கேயோ ஒரு காய்ந்த சுள்ளி முறிந்தது. காவற்காரன்தான் என்று அவன் துள்ளியதில் முழங்கை பட்டுப் புள்ளிகளுக்கு நடுவிலிருந்த பால் அழிந்தது. மூன்று புள்ளிகள் ஒன்றாகி, கால் விரித்த தவளைபோல ஆகிவிட்டன. வந்தது ஒரு உடும்பு. அது அவனைப் பார்த்துவிட்டு அலட்சியமாகப் போயிற்று.

பால் காய்ந்ததும் கடுக்காய்த் தண்ணீரும் துருப்பிடித்த இரும்பு ஊறிய தண்ணீரும் கலந்த கறுப்புச் சாயத்தை மேலே தேய்த்தார்கள். அதுவும் காய்ந்த பிறகு மூக்கையா ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான். ஆட்டுத்தோல் உரிவதுபோல ரப்பர் ஒரே துண்டாக உரிந்து வந்தது. அடியில் மஞ்சள் துணியில் கறுப்புப் புள்ளிகள், ஓரம் பிசிறாமல். இராஜம் ஒரு அடி பின்னால் போனாள்.

"ஆத்தாடி! மொறைக்குது!"

மூக்கையா பல நாளைக்கப்புறம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் கையில் தொங்கியதைக் காட்டினாள்.

"துணி புலியாயிருச்சு. அந்தப் புலிய எங்க ஒளிப்பீங்க?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையில் ஒரு முழு ரப்பர்த்தோல். மஞ்சள் கறை ஏறி, விளிம்பு கறுத்த ஓட்டைகளோடு, சிறுத்தையின் உயரத்துக்குத் தொங்கியது. துணியைச் செய்வதை மட்டும் யோசித்தவன், உரித்ததை என்ன செய்வது என்று யோசிக்கவேயில்லை. திருடின பால், திருடினவன் கையாலேயே உருவம் எடுத்து நின்றது.

துணியைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டு வந்து, ரப்பரை எரிக்கப் பார்த்தான். ஒரு மூலையில் நெருப்புப் பட்டதும் கரும்புகை லயத்துக்கு மேலே எழுந்தது. நாற்றம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் பொன்னுத்துரையின் வீடு வரைக்கும் போயிற்று.

"ஆரடா அங்க ரப்பர் கொளுத்திறது?" என்று மேட்டிலிருந்து குரல் வந்தது.

இராஜம் சோற்றுப்பானைத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். "பழைய செருப்புங்கய்யா!"

லயத்தில் செருப்புப் போட்டவர் ஒருவருமில்லை. நல்லவேளையாகக் கிளாக்கர் லயத்துக்காரர் காலைக் குனிந்து பார்த்தவரில்லை.

ஆற்றில் விட்டான். ரப்பர் மூழ்குமா? பெண்கள் குளிக்கும் தண்ணீர்ப் பீலிக்குக் கீழே கல்லில் சிக்கி, கையை விரித்துக்கொண்டு கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தான். புதைத்தான். லயத்து நாய் தோண்டி எடுத்து, ஏதோ வேட்டையாடியதுபோலப் பெருமையாக அவனுடைய ஒற்றையறைக் காம்பரா வாசலில் கொண்டுவந்து போட்டது. அதற்கப்புறம் யாராவது "மூக்கையா" என்று கூப்பிட்டால் கை தானாக இடுப்புத்துணியைப் பிடித்துக்கொண்டது.

கடைசியில் இராஜந்தான் வழி சொன்னாள். மரத்து வெட்டுவாயில் காய்ந்து கிடக்கும் பாலை உரித்து, ஒட்டுப்பால் என்று சாக்கில் போட்டு ஸ்டோரில் கொடுப்பது வழக்கம். அந்தச் சாக்கில் இதையும் சுருட்டி அடியில் வைத்துக் கொடுத்துவிட்டால், கம்பனியின் பால் கம்பனிக்கே போகிறது. திருட்டும் கழிகிறது. மூக்கையா சாக்கை ஸ்டோர் மூலையில் எறிந்துவிட்டு வந்தபோது முதுகிலிருந்து ஒரு மலை இறங்கியதுபோலிருந்தது.

மலை இறங்கவில்லை, இடம்தான் மாறியிருந்தது. மறுநாள் கொழும்பிலிருந்து ஒரு துரை வந்தார்.

கம்பனித் தோட்டங்களையெல்லாம் சுற்றிப் பார்த்து யோசனை சொல்லுகிற பெரிய நிபுணர் அவர். கழுத்தில் கயிற்றோடு ஒரு பூதக்கண்ணாடி. ரப்பருக்கு வரும் நோய்களையெல்லாம் அவருக்கு முன்னால் வந்தவர்கள் கண்டுபிடித்து முடித்திருந்தார்கள். தனக்கென்று ஒரு நோய் மீதி வைக்கவில்லையே என்ற துக்கம் அந்த முகத்தில் நிரந்தரமாக இருந்தது. ஸ்டோரில் ஒட்டுப்பால் குவியலைத் தடியால் கிளறியவர், மஞ்சளாக ஏதோ தெரியக்கண்டு இழுத்தார். தவளை ஓட்டை வழியாகப் பகல் தெரிந்தது. துரையின் துக்கம் அந்த நிமிஷமே தீர்ந்தது.

சாக்கில் கட்டியிருந்த நம்பர்த் தகர வில்லை யாருடையது என்று பார்த்து ஆள் விட்டார்கள். மூக்கையா ஸ்டோருக்குள் நுழைந்தபோது அவனுடைய தோல் மேசைமேல் விரித்துக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் தோட்டத்துப் பெரிய துரை, கொழும்புத் துரை, கிளாக்கர், கங்காணி. பயத்தில் ஒரு விசித்திரம், கண்ணுக்குத் தேவையில்லாததெல்லாம் தெளிவாகத் தெரியும். கிளாக்கர் காதில் செருகியிருந்த பென்சிலின் முனை உடைந்திருந்தது.

"உது உன்ர சாக்கிலையிருந்து வந்ததோ?" என்றார் கிளாக்கர்.

"ஆமாங்க."

"துரை கேக்கிறார், மரத்திலையிருந்து வந்ததோ எண்டு."

பால் மரத்திலிருந்துதானே வரும். "மரத்துலருந்துதாங்க."

"இப்பிடி ஓட்டையோடையோ?"

மூக்கையா கங்காணியைப் பார்த்தான். ஒரு வார்த்தை, 'நாந்தான் செய்யச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை போதும். கங்காணி சீலிங்கைப் பார்த்தார். பிறகு மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார். தவம் தொடங்கிவிட்டது.

"காயக் காய... அங்கங்க புள்ளி விழுந்துச்சுங்க," என்றான். குரல் யாருடையதோ போலிருந்தது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை; அதுதான் அவனை இன்னும் நடுக்கியது.

கிளாக்கர் அதை இங்கிலீஷில் சொன்னார். அரை வாக்கியம் உள்ளே போய்ப் பத்து வாக்கியமாக வெளியே வந்தது. கொழும்புத் துரை பூதக்கண்ணாடியை ஒவ்வோர் ஓட்டையாக நகர்த்தினார், தவளையில் வெகுநேரம் நின்றார். மேசையை ஒரு குத்துக் குத்தினார். மூக்கையா கண்ணை மூடிக்கொண்டான். கேகாலை ஜெயிலின் கதவு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஸ்டோர்க் கதவை வைத்து ஒருவாறு நினைத்துக்கொண்டான்.

"புதுசாம்," என்றார் கிளாக்கர். அவருடைய குரலில் பக்தி இருந்தது. "உலகத்திலை ஒருதரும் காணாத வருத்தமாம், மரத்துக்கு வந்த நோயாம். எந்த மரம் எண்டு காட்டட்டாம்."

நால்வரும் அவனுக்குப் பின்னால் மலையேறினார்கள். முதலில் வந்த மரத்தைக் காட்டினான். துரை அதில் கண்ணாடியை வைத்தார். எந்த மரத்தில் கண்ணாடியை வைத்தாலும் ஒரு கறுப்புப் புள்ளி தெரியத்தான் செய்யும். தெரிந்தது. துரை தொப்பியைக் கழற்றினார்.

உத்தரவுகள் விழுந்தன. அந்த மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வேலி போட வேண்டும். வேறு எவனும் கத்தி வைக்கக்கூடாது. மூக்கையா ஒருவனே வெட்டி, அதன் பாலைத் தனியே காயவைத்து, ஒவ்வொரு விஜயத்தின்போதும் காட்டவேண்டும். கிளாக்கர் கடைசியாக, கங்காணியின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இவனை ஒரு இடமும் அனுப்பக்கூடாதாம். வருத்தத்தை அறிஞ்ச ஆள் இவன் ஒருத்தன்தானாம்."

கங்காணி கண்ணைத் திறந்தார். "நானும் அதத்தாங்க சொல்ல நெனச்சேன்."

மூக்கையா சுண்ணாம்பு படப்போகிற மரத்தையே பிடித்துக்கொண்டான். தப்பிவிட்டான். அன்று சாயங்காலம் வரை அப்படித்தான் நினைத்தான்.

சாயங்காலம் கூத்து. தப்பு முழங்கியது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இரண்டு துரைமாரும் முன்னால் நாற்காலியில். கொழும்புத் துரை அந்த ரப்பரை யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் சுருட்டி மடியிலேயே வைத்திருந்தார். எதிரே மேடையில், உடம்பெல்லாம் சாம்பலும் இடுப்பில் சிறுத்தையுமாக, கங்காணி சிவன். தவளை, தொடையின் மேல் எடுப்பாக உட்கார்ந்திருந்தது.

கூட்டத்தில் நின்ற மூக்கையா தவளையைப் பார்த்தான். பிறகு துரையின் மடியைப் பார்த்தான். புள்ளிக்குப் புள்ளி, ஓட்டைக்கு ஓட்டை. ஒன்றிலிருந்து உரித்ததுதானே மற்றது.

"ஏன் நடுங்குறீங்க?" என்றாள் இராஜம்.

"தவள."

"எங்க?"

"அங்கயும் இருக்கு, இங்கயும் இருக்கு."

அந்த நேரம் பார்த்துக் கொழும்புத் துரை சுருளைப் பிரித்தார். பெரிய துரைக்கு விளக்கவேண்டுமாம். இரண்டு கையாலும் விரித்துப் பெட்ரோமாக்ஸுக்கு நேரே உயர்த்தினார். ஓட்டைகளின் வழியே வெளிச்சம் பாய்ந்தது. துரை ஒரு ஓட்டையில் கண்ணை வைத்து, அதன் வழியாகவே மேடையைப் பார்த்தார். ரப்பர்த் தவளை வழியாகத் துணித் தவளை. தப்புச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. இராஜத்தின் நகம் அவன் கையில் பதிந்தது. இப்போது புரியும். இதோ இப்போது.

துரை ரப்பரை இறக்கினார். சிவனை உற்றுப் பார்த்தார். கிளாக்கரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். கிளாக்கர் மேடைப்பக்கம் போனார்.

"கங்காணியார், துரை கேக்கிறார், இந்தப் புலியை ஆர் சுட்டது?"

சிவனுக்கு வசனம் கிடையாது என்றேன். ஆனால் இப்படி ஒரு கேள்விக்கு எந்தக் கங்காணியால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? நெற்றிக்கண் திறக்குமுன் வாய் திறந்தது.

"நாந்தாங்க! ஒரே வெடி!"

துரைமார் கை தட்டினார்கள். ரப்பரில் நோயைத் தேடியவருக்கு நோய் கிடைத்தது, மேடையில் புலியைத் தேடியவருக்குப் புலி கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கிளாக்கர் திரும்பவும் வந்தார். "அடுத்தமுறை துரை துவக்கோடை வருவாராம். உங்களையும் கூட்டிக்கொண்டு புலிவேட்டைக்குப் போக வேணுமாம். அந்தத் தோலையும் வெளிச்சத்திலை ஒருக்கால் பாக்க வேணுமாம்."

சாம்பல் பூசிய முகம் அதற்குமேலும் வெளிறக்கூடும் என்று அன்றுதான் ஊர் கண்டது. மரநாய் குறுக்கே போனால் குடையைப் போட்டுவிட்டு ஓடுகிறவர் கங்காணி. மன்மதன் எரிந்தபோது அவர்தான் அதிகம் வியர்த்தார். மறுநாள் விடியுமுன் சிறுத்தையையும் எரித்துவிட்டார். கறையான் அரித்துவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு.

அடுத்தடுத்த பெரட்டில் வேறு பேர்கள் வெட்டுப்பட்டன. மூக்கையாவின் பக்கத்துக் காம்பரா காலியாயிற்று, பிறகு அதற்கடுத்ததும். மூக்கையாவின் பேர் அசையவில்லை. சுண்ணாம்பு அடித்த மரத்தில் தினமும் பால் வெட்டினான். பால் வெள்ளையாக, சுத்தமாக, ஒரு குற்றமும் இல்லாமல் வடிந்தது. நோயில்லாத மரத்துக்கு ஆள் எதற்கு?

கொழும்புத் துரை வருகிறார் என்று செய்தி வந்ததும் இராஜம் தன் மாற்றுச்சேலையில் பாதியைக் கிழித்தாள். பலாத்தூள் கொதித்தது, கஞ்சி காய்ந்தது. ஆற்றுப்பாறையில் துணியை விரித்து, பன்னாடையைப் பாலில் தோய்த்த மூக்கையா அப்படியே நின்றான்.

"பூசுங்களேன். வெயில் போகுது."

"எத்தன புள்ளி விடுறது?"

"போன தடவ மாதிரி."

"கூடிப்போச்சுன்னா வருத்தம் முத்திருச்சுன்னு மரத்த வெட்டிருவாங்க. கொறஞ்சா சொகமாயிருச்சுன்னு என்ன வெட்டிருவாங்க."

"அதான் சொல்றேன். அதே மாதிரி போடுங்க."

"அது எப்புடி இருந்துச்சு?"

பார்த்து எழுதக் கங்காணியின் சிறுத்தை இல்லை, சாம்பலாகிவிட்டது. ரப்பர்த் தோல் கொழும்பில் இருந்தது, துரையின் கண்ணாடிக்கடியில், ஓட்டைக்கு ஓட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

"தவள இருந்துச்சு," என்றாள் மெல்ல. "அது நல்லாத் தெரியும்."

"மொகம் எந்தப் பக்கம் பாத்துச்சு?"

பன்னாடையிலிருந்து ஒரு சொட்டுப் பால் மஞ்சள் துணியின் நடுவில் விழுந்து, பரவி, காயத் தொடங்கியது.